அடைப்பு கரைஞ்சிடுச்சு, அப்புறம் ஏன் மூளை வீங்குச்சு?

மலேசியா பினாங்குல இருக்கற பிறை ஊர்லேருந்து ஒரு தங்கச்சி நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கி சொல்லிடறேன். அவங்க அப்பாவுக்கு 63 வயசு, போர்ட்ல வேல செஞ்சு ரிடையர் ஆனவரு, 15 வருஷமா இனிப்பு நீர், பிரஷர் ரெண்டும் இருக்கு. ஒரு நாள் காலைல பசியாறிக்கிட்டு இருக்கும்போது கோப்பி கப் கைலேருந்து நழுவிடுச்சு, வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு, பேச்சு குழறுச்சு. காடில போட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய்ட்டாங்க. சி.டி ஸ்கேன் எடுத்து, மூளைல குழாய் அடைச்ச ஸ்ட்ரோக் (பக்கவாதம்)னு சொல்லி, ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போடணும்னு இவங்ககிட்ட கையெழுத்து வாங்கி போட்டாங்க, சாயந்திரமே அப்பா வலது கைய லேசா தூக்குனாரு, வீட்ல எல்லாரும் ஆளு தப்பிச்சிட்டாருன்னு சந்தோஷப்பட்டாங்க. மூணாவது நாள் பாத்தா ஒரே தூக்கக் கலக்கம், கூப்ட்டா கண்ண மட்டும் தொறக்கறாரு. மறுபடி சி.டி எடுத்தா மூளைல வீக்கம், சின்னதா ரத்தக் கசிவும் இருக்கு. "அடைப்பு போயிருச்சு, ஆனா ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற செல் அடிபட்டிருக்கு, அதான் லீக் ஆகுது"ன்னு டாக்டர் சொன்னாராம், வார்டுல ஏகப்பட்ட ஆளு, அதுக்கு மேல விளக்கம் கேக்க முடியல. இப்ப அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, பேச்சு பரவால்ல, கை தான் இன்னும் சரியா வரல.

இதுக்கு நடுவுல மாமா ஒருத்தர் "நீ கையெழுத்து போட்ட ஊசியால தான் ரத்தம் கசிஞ்சிச்சு"ன்னு குத்தி காட்டிக்கிட்டே இருக்காராம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி "அன்னிக்கே விரல் நுனில ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்கணும்"னு சொல்றாங்க. தெரிஞ்சவரு ஒருத்தர் ரத்தக்குழாய் செல்ல ரிப்பேர் பண்ற கேப்ஸ்யூல்னு ஒரு டப்பா 380 வெள்ளிக்கு விக்கிறாரு. கடைசியா தங்கச்சி தனக்கும் ஒரு கேள்வி வச்சிருக்காங்க, 36 வயசு, கிளினிக்ல பிரஷர் 142/90 வந்துச்சு, பயப்படணுமான்னு.

மொதல்ல மாமா விஷயத்த பேசிடலாம் மா, ஏன்னா நீங்க எழுதுனதுல பாதிக்கு மேல அந்த வலி தான் தெரியுது. அந்த ஊசி 1995-ல அமெரிக்கால 624 நோயாளிங்கள வச்சு சோதிச்ச மருந்து. ஸ்ட்ரோக் வந்து 3 மணி நேரத்துக்குள்ள போட்டவங்கள்ல, மூணு மாசம் கழிச்சு பெரிய ஊனம் இல்லாம இருந்தவங்க குறைஞ்சது 30 விழுக்காடு அதிகம். ஆனா மூளைல மோசமான ரத்தக் கசிவு ஊசி போட்டவங்கள்ல 6.4 விழுக்காடு, போடாதவங்கள்ல 0.6 விழுக்காடு. அத யாரும் மறைக்கல, அதுக்கு தான் உங்ககிட்ட கையெழுத்தே வாங்குனாங்க. இந்த ரெண்டையும் சேத்து கணக்கு பாத்தப்புறமும் மூணு மாசத்துல செத்தவங்க எண்ணிக்கை ஊசி போட்ட பக்கம் கூடல. அதனால மாமா சொல்றதுல ஒரு ஓரத்துல உண்மை இருக்கு, ஊசி கசிவ கூட்டும். ஆனா ஊசி போடாம விட்டிருந்தா வீக்கமே வந்திருக்காதுன்னு அவரு நினைக்கிறது சரியில்ல. பெரிய ஸ்ட்ரோக்னா ஊசி போட்டாலும் போடாட்டியும் வீக்கம் வரும், சில பேருக்கு கசிவும் தானா வரும். காரணம் அந்த டாக்டர் அவசரத்துல சொல்லிட்டு போன அந்த ஒரு வரி தான், குழாய் சுவர்ல இருக்கற செல்.

நம்ம ஆளுங்க ஸ்ட்ரோக்னா என்ன நினைக்கிறாங்க, குழாய் அடைச்சிக்கிச்சு, நரம்பு செத்துப்போச்சு, அவ்ளோதான். நரம்பு சாகறது உண்மை தான், பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சராசரியா 1.9 மில்லியன் நரம்பு செல் போகுதுன்னு 2006-ல ஒரு கணக்கு வந்துச்சு, டாக்டருங்க நாங்க எல்லாரும் அத மனப்பாடமா வச்சிருக்கோம். ஆனா அந்த கணக்குல குழாயோட சுவரு வரல. சுவரும் உயிருள்ளது தான், அதுக்கும் ஆக்ஸிஜன் வேணும், ரத்தம் நின்னா அதுவும் அடிபடும். உங்க அப்பாவுக்கு முதல் நாள்ல நரம்பு அடிபட்டது தெரிஞ்சிச்சு, மூணாவது நாள்ல சுவரு அடிபட்டது தெரிஞ்சிச்சு.

மூளைக்குள்ள போற நுண்குழாய் எல்லாத்தையும் நீட்டி வச்சா 600 கிலோமீட்டருக்கு மேல வரும்னு சொல்லுவாங்க. நம்ம உடம்பு எடைல மூளை வெறும் 2 விழுக்காடு, ஆனா நாம சும்மா உக்காந்திருக்கும்போதே உடம்பு இழுக்கற ஆக்ஸிஜன்ல 20 விழுக்காடு மாதிரி அதுக்கு போகுது, அதனால தான் அவ்ளோ குழாய். இந்த குழாய் உள்பக்கம் ஒத்தை அடுக்கா படிஞ்சிருக்கற செல்லுக்கு எண்டோதீலியல் செல்னு பேரு. உடம்புல மத்த எடத்துல இந்த செல்லுங்களுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கும், தண்ணியும் சின்ன சின்ன பொருளும் போகும் வரும். மூளைல மட்டும் இது ஒண்ணோட ஒண்ணு இறுக்கி தைச்சிக்கிட்டு இருக்கு. இத கண்டுபிடிச்ச கதையே நல்லா இருக்கும், 1885-ல பவுல் எர்லிக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி ஒரு மிருகத்தோட ரத்தத்துல சாயத்த ஏத்துனாரு, உடம்பு முழுக்க கலர் ஏறுச்சு, மூளைல மட்டும் ஏறல. அவரு என்ன நினைச்சாருன்னா மூளைக்கு அந்த சாயம் ஒட்டாது போலன்னு. 1913-ல அவர்கிட்ட வேல செஞ்ச கோல்ட்மன் சாயத்த மூளைய சுத்தி இருக்கற தண்ணில விட்டாரு, இப்ப மூளை முழுக்க கலரு, உடம்புல இல்ல. அப்போ நடுவுல ஏதோ ஒரு தடுப்பு இருக்குன்னு புரிஞ்சிச்சு. அந்த தடுப்பு இந்த எண்டோதீலியல் செல்லுங்க சேர்ற எடத்துல தான் இருக்குன்னு 1967-ல தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வச்சு காட்டுனாங்க.

அந்த செல்ல வெளிப்பக்கமா கட்டிப்பிடிச்ச மாதிரி இன்னொரு செல் இருக்கு, பெரிசைட். இது சுருங்கவும் செய்யும், விரியவும் செய்யும், எந்த எடத்துக்கு எவ்ளோ ரத்தம் போகணும்னு முடிவு பண்றதுல இதுக்கும் பங்கு இருக்கு. அதுக்கும் வெளிய ஆஸ்ட்ரோசைட்னு ஒரு செல் பாதத்த நீட்டி குழாய சுத்தி வச்சிருக்கும். இந்த மூணு பேரும் நரம்பும் சேந்து தான் ஒரே குடும்பமா வேல செய்யுது, ஒருத்தருக்கு அடிபட்டா மத்தவங்களும் படுத்துக்குவாங்க.

இப்ப அப்பா தலைக்குள்ள என்ன நடந்திருக்கும்னு பாப்போம். ரத்தம் நின்ன கொஞ்ச நேரத்துல எண்டோதீலியல் செல் வீங்க ஆரம்பிக்கும், உள்பக்கம் பிசுபிசுப்பா ஆகி வெள்ளை அணுவ எல்லாம் புடிச்சு ஒட்ட வச்சிக்கும். மணிக்கணக்கு ஆக ஆக அந்த தையல் பிரியும். அதுக்கப்புறம் எம்.எம்.பி-9-னு ஒரு என்சைம், முக்கியமா வந்து ஒட்டுன வெள்ளை அணுலேருந்து வருது, அது செல்லுக்கு அடில இருக்கற விரிப்ப தின்னுடும். மொதல்ல தண்ணி கசியும், பின்னாடி புரதம் கசியும், ஓட்டை பெருசா இருந்தா சிவப்பு அணுவே வெளிய வந்துடும். தண்ணி வந்தா வீக்கம், சிவப்பு அணு வந்தா சி.டி-ல நீங்க பாத்த ரத்தம். இது ஒரு நாள்ல முடியற வேல இல்ல, வீக்கம் உச்சத்துக்கு போறதே பெரும்பாலும் மூணாவது நாள்லேருந்து அஞ்சாவது நாளுக்குள்ள தான். அதனால சாயந்திரம் கை தூக்குன மனுஷன் மூணாவது நாள் மயங்குனதுக்கு யாரும் ஏதும் தப்பா பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல மா.

அடைப்பு போனா நல்லது தானே, ரத்தம் திரும்ப வந்துடுச்சே, அப்புறம் ஏன் லீக்னு கேட்டிருக்கீங்க. 2024 ஜனவரில சுங்கை டுவால வால்வு மாத்தறதுக்கு பினாங்கு பூரா நாள் கணக்கா தண்ணி கட் பண்ணாங்களே, ஞாபகம் இருக்கும், தண்ணி திரும்ப வந்தப்ப பழைய பைப் இருக்கற வீட்ல ஜாயின்ட்ல எல்லாம் ஒழுகுச்சு. அந்த மாதிரி தான், காஞ்சி போய் தையல் விட்டுப்போன சுவர்ல திடீர்னு பழைய வேகத்துல ரத்தம் வந்தா தாங்காது. ஊசிய 4.5 மணி நேரத்துக்குள்ள தான் போடணும்னு நாங்க அடம் புடிக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம், நேரம் போக போக காப்பாத்தறதுக்கு மிச்சம் இருக்கற நரம்பும் குறையும், சுவரும் நைஞ்சு போகும். ஊசிக்கு முன்னாடி பிரஷர 185/110-க்கு கீழ கொண்டு வந்துட்டு தான் போடுவாங்க, போட்டப்புறம் 24 மணி நேரம் 180/105-க்கு கீழயே வச்சிருப்பாங்க. மிஸ்ஸி (நர்ஸ்) 15 நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து பிரஷர் எடுத்து அப்பாவ தூங்கவே விடலன்னு கோவமா எழுதியிருக்கீங்களே, அவங்க பாத்துக்கிட்டு இருந்தது இந்த சுவர தான்.

இதுல ஒரு விசித்திரம் என்னன்னா, கட்டி கரைக்கிற அந்த பொருள் வெளிய இருந்து வந்த ஏதோ ரசாயனம் இல்ல. டி.பி.ஏ-னு பேரு, நம்ம ரத்தக்குழாயோட எண்டோதீலியல் செல்லே தினமும் கொஞ்சமா சுரக்கற பொருள் தான், சின்ன சின்ன கட்டிய அதுவே கரைச்சிக்கிட்டு இருக்கும். பெரிய கட்டி வந்து உக்காந்தா அது சுரக்கறது பத்தாது, அதனால லேப்ல செஞ்சத நாங்க ஊசில ஏத்தறோம்.

கை ஏன் முழுசா வரலன்னு கேட்டதுக்கும் பாதி பதில் இந்த சுவர்ல தான் இருக்கு. பெரிய குழாய்ல அடைப்பு போனாலும் நுண்குழாய்ல ரத்தம் ஓடாம போறது உண்டு. பெரிசைட் ரத்தம் இல்லாம தவிக்கும்போது இறுக்கி சுருங்குது, அப்படியே விறைச்சு செத்தும் போகுது, செத்தது புடிய விடாது. இத 2014-ல லண்டன்ல ஒரு குழு எலி மூளைல வச்சு காட்டுனாங்க. மனுஷ மூளைல இதோட பங்கு எவ்ளோன்னு இன்னும் வேல நடந்துக்கிட்டு இருக்கு, ஆனா அடைப்பு எடுத்தும் ஆளு தேறாத கேஸ பாக்கும்போது எனக்கு மொதல்ல மனசுல வர்றது இது தான்.

அப்பாவோட சி.டி-ய பாக்காம அந்த கசிவு எந்த ரகம்னு நான் சொல்லக்கூடாது. பொதுவா செத்த பகுதிக்குள்ளயே பொடி பொடியா தெரியற ரத்தம் ஆள பெருசா கெடுக்காது, கட்டியா சேந்து பக்கத்த அமுக்கறது தான் பயம். வீட்டுக்கு அனுப்பற அளவுக்கு வந்துட்டாருன்னா நல்ல செய்தி தான். அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல ரெண்டு விஷயம் கட்டாயம் கேளுங்க, கசிவு முழுசா வத்திடுச்சா, ரத்தம் இளக்கற மாத்திரை இப்ப சாப்டலாமா, எந்த மாத்திரை எந்த தேதிலேருந்துன்னு. நீங்களா ஆஸ்பிரின் வாங்கி குடுக்காதீங்க, டாக்டர் ஆரம்பிச்சத நீங்களா நிறுத்தவும் நிறுத்தாதீங்க. திடீர்னு மறுபடி தூக்கக் கலக்கம், கடுமையான தலைவலி, வாந்தி, வாய் கோணல், பேச்சு தடுமாற்றம், இதுல எது வந்தாலும் 999 கூப்டுங்க, காலைல பாத்துக்கலாம்னு படுக்க வைக்காதீங்க.

விரல் நுனில ஊசி குத்தறத பத்தி ஆன்ட்டி சொன்னது வாட்ஸ்அப்ல ரொம்ப வருஷமா சுத்திக்கிட்டு இருக்கற கதை. விரல்ல நாலு சொட்டு ரத்தம் எடுத்தா மூளைல அடைச்ச கட்டி அசையாது. அத செய்யறதுக்கு ஊசி தேடி, பத்து விரலும் குத்தி, காத அமுக்கி, ஆள உக்கார வச்சு பாத்துக்கிட்டு இருக்கற அந்த நேரம் தான் போகுது. ஆன்ட்டிகிட்ட சண்டை போட வேணாம், நல்ல மனசுல தான் சொல்றாங்க, ஆனா அடுத்த தடவ யாருக்காவது செய்யாம தடுத்துடுங்க.

கேப்ஸ்யூல் விஷயத்துக்கு எனக்கு கொஞ்சம் கோவமே வருது. டாக்டர் வார்டுல சொன்ன ஒரு வார்த்தைய, ரத்தக்குழாய் செல்லுன்னு, நீங்க வெளிய சொன்னதும் அதே வார்த்தைய திருப்பி உங்ககிட்டயே விக்கிறாங்க பாருங்க. மனுஷ மூளையோட குழாய் செல்ல ஒண்ணு ஒண்ணா பிரிச்சு எந்த செல் என்ன வேல செய்யுதுன்னு பெரிய வரைபடமா போட்டு நேச்சர், சயன்ஸ் ஜர்னல்ல வந்ததே 2022-ல தான். நான் சொன்னேனே சுவர தின்ற என்சைம், எம்.எம்.பி-9, அத தடுத்துட்டா போதுமேன்னு தோணும். ஆனா எலில பாத்தா முதல் நாள் தடுத்தா நல்லது, ஒரு வாரம் கழிச்சு தடுத்தா கெடுதல், ஏன்னா அதே என்சைம் தான் அப்புறம் புது குழாய் முளைக்கறதுக்கு வழி வெட்டி குடுக்குது. நாள் மாறுனா நல்லது கெட்டது மாறுது. உலகத்துல பெரிய பெரிய லேப் எல்லாம் இதுல தடுமாறிக்கிட்டு இருக்கும்போது ஒரு டப்பால அடைச்சு வித்துட்டாங்கன்னா நம்பறதுக்கு என்ன இருக்கு? டப்பால எம்.ஏ.எல் நம்பர், அதாவது அரசாங்கத்துல மருந்த பதிஞ்ச நம்பர், இருக்குன்னு காட்டுவாங்க. அந்த நம்பர் கடைசில டி-னு எழுத்து இருந்தா பாரம்பரிய மருந்துன்னு பதிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம், ஸ்ட்ரோக்க குணமாக்கும்னு நிரூபிச்சதா அர்த்தம் இல்ல. நம்ம நாட்டுல 1956-லேருந்தே ஒரு சட்டம் இருக்கு, பக்கவாதம், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்புன்னு 20 வியாதிக்கு மருந்து விளம்பரம் பண்ணக்கூடாது. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கி அப்பாயின்ட்மென்ட்டுக்கு கொண்டு போய் ஃபார்மசில காட்டுங்க, பூண்டு சாறு, ஜின்கோ மாதிரி சில பொருள் ரத்தம் இளக்கற மாத்திரையோட சேந்தா கசிவ கூட்டலாம்.

சுவர் செல்லுக்கு நல்லது செய்யணும்னா அதுக்கு வழி உங்க வீட்ல ஏற்கனவே இருக்கற மருந்து பைல தான் இருக்கு, கேக்கறதுக்கு சப்புனு இருக்கும். பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, சக்கரை அளவு. இனிப்பு நீர் வந்தவங்களுக்கு கண்ணுல மொத மொதல்ல சாகற செல்லுல ஒண்ணு இதே பெரிசைட் தான், கண்ணோட விழித்திரை மூளையோட ஒரு பகுதி, அங்க இருக்கற குழாயும் மூளைல இருக்கறதும் ஒரே சாதி. அதனால கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) வருஷத்துக்கு ஒருக்கா கண் படம் எடுக்க கூப்ட்டா, கண்ணு நல்லா தானே தெரியுதுன்னு அப்பா தட்டிக்கழிக்க விடாதீங்க, அந்த படத்துல தெரியறது தலைக்குள்ள என்ன நடக்குதுங்கறதுக்கும் ஒரு ஜாடை. 2023 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல ஆறுல ஒருத்தருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, இந்தியர்கள் மத்தில அது இன்னும் அதிகம். நாசி கண்டார் கடைல குவா பஞ்சிர்னு சொல்லி குழம்ப வெள்ளமா ஊத்தி வாங்கறோமே, அதுல போற உப்ப யாரும் கணக்கு பாக்கறதில்ல.

கைக்கு பயிற்சிய இப்பவே ஆரம்பிங்க, மொத மூணு மாசம் தான் ரொம்ப வேகமா தேறும், அந்த நேரத்துல தான் செத்த பகுதிய சுத்தி புது குழாயும் முளைக்குது, பக்கத்து நரம்பும் வேலைய எடுத்துக்க பாக்குது. ஆஸ்பத்திரி பிசியோ அப்பாயின்ட்மென்ட் மாசத்துக்கு ஒண்ணு தான் கிடைக்குதுன்னா நாசாம் (மலேசிய தேசிய ஸ்ட்ரோக் சங்கம்) மாதிரி எடத்த விசாரிங்க, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்காகவே 1996-லேருந்து நடத்தறாங்க, பினாங்குலயும் சென்டர் இருக்கு. வீட்ல கப்ப, கரண்டிய அப்பாவே வலது கைல புடிக்கட்டும், கொட்டுனா துடைச்சுக்கலாம், பாவம்னு நீங்க ஊட்டி விடாதீங்க.

உங்க 142/90-க்கு வருவோம். அப்பா படுத்திருந்த நேரத்துல, தூக்கம் இல்லாம, கிளினிக்ல வரிசைல நின்னு ஒரு தடவ எடுத்தத வச்சு உங்களுக்கு பிரஷர்னு முத்திரை குத்த மாட்டேன். விட்டுடவும் மாட்டேன், ஏன்னா பிரஷர் வலிக்காது, வலிக்காமலே வருஷக்கணக்கா அந்த எண்டோதீலியல் செல்ல கெடுத்துக்கிட்டு இருக்கும். அந்த செல் நைட்ரிக் ஆக்ஸைடுன்னு ஒண்ண சுரந்து குழாய தளர்வா வச்சிருக்கும், பிரஷரும் சக்கரையும் சிகரெட்டும் அத தான் மொதல்ல குறைக்கும், மூளைக்குள்ள ஆழமா போற தலைமுடி மாதிரி குழாய்ங்க தடிச்சு போகும். மேல் கையில கட்டற ரக மெஷின் ஒண்ணு வாங்கிக்கங்க, மணிக்கட்டுல கட்டறது வேணாம். காலைல கோப்பிக்கு முன்னாடி ரெண்டு தடவ, ராத்திரி ரெண்டு தடவ, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்துட்டு, ஒரு வாரம் எடுத்து எழுதி வைங்க, மொத நாள் வந்தத கணக்குல சேக்காதீங்க. மிச்ச நாளோட சராசரி 135/85 இல்லன்னா அதுக்கு மேல வந்தா அந்த பேப்பர எடுத்துக்கிட்டு கிளினிக் கெசிஹாத்தான் போங்க, ஒரு வெள்ளி தான், அப்படியே சக்கரையும் கொலஸ்ட்ராலும் பாக்க சொல்லுங்க. கீழ வந்தா மாத்திரை வேணாம், உப்ப குறைச்சிட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு வாரம் எடுங்க. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்டறீங்கன்னா அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, சில மாத்திரை பிரஷர ஏத்தும், வேற ரகம் மாத்தி குடுப்பாங்க.